வீட்டையும் வீட்டாரையும் நாள்தோறும் வரைந்து வைப்பது எப்படி

குடும்பத்தாரின் அன்றாட வாழ்க்கையை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் வரைந்துவர விரும்புகிறவர்கள், முகத்தை வரையும் ஆசையை முதலில் சில மாதங்களுக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாயல் பிடிபடவில்லை என்று மனம் சோர்ந்தே பலர் முதல் வாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஒருவரை அடையாளம் காட்டுவது முகம் மட்டுமன்று. அவர் உட்காரும் விதமும், துண்டைத் தோளில் போடும் விதமும், நாளிதழை நான்காக மடித்துப் படிக்கும் விதமும் அவரைத்தான் காட்டுகின்றன. புகைப்படம் என்றதும் நாம் எல்லோரும் நிமிர்ந்து நின்றுவிடுகிறோம். தன்னை மறந்து வேலையில் ஈடுபட்டிருக்கும் உடம்பைப் பதிவு செய்வதற்குத்தான் இந்தக் குறிப்பேடு.

நெதர்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த சிறிய கோட்டோவியம் ஒன்று லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1650களில் வரைந்ததாகக் கருதப்படும் அந்தப் படத்தில், தாயும் அக்காவும் இருபுறமும் பிடித்துக்கொள்ள, குழந்தை ஒன்று நடை பழகுகிறது. எதிரே தந்தை தரையில் குந்திக் கைகளை நீட்டியிருக்கிறார். பின்னால் பால் வாளியைச் சுமந்தபடி ஒரு பெண் கடந்து போகிறாள். முகங்களுக்குச் சில கீற்றுகள் மட்டுமே. தாயின் குனிவும் தந்தையின் நீட்டிய கைகளுமே நடப்பதை முழுவதும் சொல்லிவிடுகின்றன. இணையத்தில் எளிதாகக் காணக்கிடைக்கும் இந்தப் படத்தை, தொடங்கும் முன் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுங்கள்.

கருவிகளுக்காக அதிகம் செலவிட வேண்டியதில்லை. 14.8 × 21 செ.மீ. அளவுள்ள ஏ5 குறிப்பேடு மடியில் வைத்து வரைய வாகானது. நகலெடுக்கப் பயன்படும் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள) தாளில் மை பின்பக்கம் தெரியும். 120 முதல் 160 ஜிஎஸ்எம் வரையுள்ள தாள் பேனாவையும் மெல்லிய நீர்வண்ணப் பூச்சையும் ஓரளவு தாங்கும். பென்சில் கோடு பக்கங்கள் உரசி மங்கிப்போவதோடு, அழித்து அழித்து வரையும் பழக்கத்தையும் கொண்டுவந்துவிடும் என்பதால் பேனாவையே பரிந்துரைக்கிறேன். வண்ணம் தீட்டும் எண்ணம் இருந்தால் மை நீரில் கரையாததாக இருக்க வேண்டும். ஒரு கோடு போட்டு, நன்கு காய்ந்தபின் ஈர விரலால் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சாதாரண மைப்பேனாக்கள் பெரும்பாலும் இதில் தேறுவதில்லை; ஜெல் பேனாக்களிலும் சில தேறுவதில்லை. கோடு தவறினால் அதை அப்படியே விட்டு, பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள்.

அசைந்துகொண்டே இருப்பவர்களை எப்படி வரைவது என்பதே எல்லோருக்கும் வரும் ஐயம். எந்த வேலையிலும் அசையாத பகுதி ஒன்று இருக்கும். அங்கிருந்து தொடங்க வேண்டும். அரிவாள்மனையில் காய் நறுக்கும் அம்மாவைப் பாருங்கள். கைகள் ஒரு கணமும் நிற்பதில்லை. ஆனால் பலகையை அழுத்தியிருக்கும் பாதமும், மடித்து உயர்த்திய முழங்காலும், நிமிர்ந்து நிற்கும் வளைந்த அலகும் இடம் மாறுவதில்லை. முதலில் அலகு, அடுத்து பலகை, அதை அழுத்தும் பாதம், அதிலிருந்து முழங்கால், பிறகு முதுகின் வளைவு என்று கோட்டைக் கொண்டுபோனால், கைகளுக்கான இடம் தானாகவே அமைந்துவிடும். அதன்பின் கைகளை மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள். காயைப் பிடித்து அலகின் மேல் தள்ளும் அதே நிலை சில நொடிகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். வரும்போதெல்லாம் ஒரு விரலையோ ஒரு வளையலையோ சேர்த்துக்கொள்ளலாம்.

தோசை வார்ப்பதும் இப்படித்தான். மாவை ஊற்றி வட்டமாகத் தேய்ப்பது, எண்ணெய் விடுவது, திருப்பிப் போடுவது என்ற வரிசை ஒவ்வொரு தோசைக்கும் மாறாமல் வருவதால், முதல் தோசையில் தோளையும் இரண்டாவதில் முழங்கையையும் பிடித்துக்கொள்ள முடிகிறது. தவழும் குழந்தையிடம் இந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. ஒரே பக்கத்தில் நான்கைந்து படங்களைத் தொடங்கிவைத்து, குழந்தை எந்த நிலைக்குத் திரும்புகிறதோ அந்தப் படத்தைத் தொடருங்கள். பாதியில் நின்றவை பாதியாகவே இருக்கட்டும்.

சில அளவுகளை மனத்தில் இருத்திக்கொள்வது பெரிதும் உதவும். நிற்கும் பெரியவரின் உயரம் அவருடைய தலையைப் போல் ஏறத்தாழ ஏழரை மடங்கு. தரையில் சம்மணமிட்டு நிமிர்ந்து அமர்ந்தவர் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒரு வயதுக் குழந்தைக்கு நிற்கும்போதே நான்கு மடங்குதான் வரும். இதை மறந்து தலையைச் சிறிதாக்கினால், குழந்தை குள்ளமான பெரியவரைப் போலத் தோன்றும். நாற்காலியில் அமர்ந்து தரையில் இருப்பவரை வரையும்போது அவருடைய தலையுச்சியும் மடியும் கூடுதலாகத் தெரியும். அவர் முன்னிருக்கும் தட்டின் வட்டமும் அகன்று தெரியும். முடிந்தவரை நீங்களும் தரையில் அமர்ந்து வரையுங்கள். அதனால் படத்தில் வரும் நெருக்கம் வேறு எந்த உத்தியாலும் வராது.

நாளுக்குப் பத்து நிமிடம் போதும். விடுபட்ட நாளுக்கென்று பக்கத்தைக் காலியாக விட வேண்டாம். அடுத்த நாளின் தேதியை எழுதித் தொடருங்கள். வீட்டில் ஆள் இல்லாத பொழுதில் வாசலில் கிடக்கும் செருப்புகளை வரையலாம்; யார் வீட்டில் இருக்கிறார், யார் வெளியே போயிருக்கிறார் என்பதை அவையே சொல்லும். மாத்திரைப் பெட்டி, பாதி கட்டிய பூச்சரம், கொடியில் காயும் பள்ளிச் சீருடை என்று எதுவும் பொருந்தும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேதி, நேரம், அந்த வேளையில் காதில் விழுந்த ஒரு பேச்சு ஆகியவற்றை, பேசியவருடைய சொற்களிலேயே எழுதிவையுங்கள். அன்று வாங்கிய காயின் விலையையும் குறித்துவைக்கலாம். இருபது ஆண்டுகள் கழித்துப் படத்தை விட அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

வீட்டார் என்பதாலேயே எல்லோரையும் எப்போதும் வரைந்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. உறங்குபவரும் நோயுற்றவரும் வரைய எளிதானவர்கள்தான். ஆயினும் அந்தப் படங்களைப் பின்னர் அவர்களிடம் காட்டி, அவர்கள் விரும்பாவிட்டால் பக்கத்தை எடுத்துவிட வேண்டும். வளர்ந்த பிள்ளைகளின் படத்தை அவர்களைக் கேட்காமல் இணையத்தில் இடக் கூடாது. இந்த நம்பிக்கை இருந்தால்தான் நீங்கள் பேனாவை எடுக்கும்போது வீட்டார் தங்கள் போக்கில் இருப்பார்கள்.

ஒரு குறிப்பேடு நிறைந்ததும் பக்கங்களைச் சன்னல் ஓரத்துப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுத்துச் சேமித்துவிட்டு, ஈரம் ஏறாத அலமாரியில் நிறுத்திவையுங்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. ‘சித்தி’, ‘பெரியப்பா’ என்று மட்டும் எழுதியிருந்தால், அடுத்த தலைமுறைக்கு அது யாருடைய சித்தி என்று தெரியாது. கடைசிப் பக்கத்தில் ஒவ்வொருவரின் முழுப்பெயர், உங்களுக்கு என்ன உறவு, பிறந்த ஆண்டு, ஊர், படம் உள்ள பக்கம் ஆகியவற்றை எழுதி, அந்தப் பட்டியலை வீட்டின் மூத்தவரிடம் காட்டிச் சரிபாருங்கள். அவர் திருத்தும்போது சொல்லும் பிற செய்திகளையும் அங்கேயே எழுதிக்கொள்ள இரண்டு பக்கங்களைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவையுங்கள்.