பர்சனாலிட்டி டைப், மூளை, தொழுகை: மூணையும் முடிச்சுப் போடும்போது நான் சொதப்பினது

போன வாரம் ஒரு தம்பி பயானுக்கு (மார்க்கச் சொற்பொழிவுக்கு) ஸ்லைடு ரெடி பண்ணி பாத்துச் சொல்லுங்க பாய்னு அனுப்பியிருந்தான், திறந்தா பத்து வருஷம் முன்னாடி நான் போட்ட அதே படம், ஒரு பக்கம் திக்ர் (இறைவன நினைச்சு ஓதுறது) இன்னொரு பக்கம் மூளையில சுரக்குற டோபமைன், நடுவுல ஒரு பெரிய அம்புக்குறி. குர்ஆன் ஆயத் நம்பர சரிபாருங்க, ஃபார்வர்டு மெசேஜ ஆராய்ச்சின்னு சொல்லாதீங்கன்னு ஆரம்பிக்கல, பயான் பண்ற உங்களுக்கு அதெல்லாம் தெரியும். அதையும் தாண்டி நாம சொதப்புற இடங்கள்தான் கீழ இருக்கு.

ஸஜ்தால (நெத்திய தரையில வைக்கும்போது) மூளைக்கு ரத்தம் பாயுது

தலை குனிஞ்சாலும் நிமிர்ந்தாலும் ரத்தக் குழாய சுருக்கி விரிச்சு மூளை தன் ரத்த ஓட்டத்த தானே சமாளிச்சுக்கும். இதுல வேடிக்கை என்னன்னா, ஆதாரம்னு எல்லாரும் காட்டுற, அமெரிக்க மூளை ஆய்வாளர் ஆண்ட்ரூ நியூபெர்க் குழுவோட 2015 ஆய்வுல, ஆழ்ந்து தொழும்போது மூளையோட முன்பகுதியில ரத்த ஓட்டம் குறைஞ்சதாத்தான் வந்துச்சு. ஸ்கேன் பண்ணினது 3 பேர.

நோய்க்கு 'டைப்'னு பேர் வைக்கிறது

இத நினைச்சா இன்னும் எனக்கு என் மேலயே எரிச்சல் வரும்.

என் கிளாஸுக்கு ஒருத்தர் வந்தார், குணத்த அஞ்சு பக்கமா அளக்குற பிக் ஃபைவ் டெஸ்ட் குடுத்தேன், ஒழுங்கு நேர்த்திங்கிற பக்கம் மார்க் உச்சத்துல. ஒளு (தொழுகைக்கு முன்னாடி கை கால் முகம் கழுவுறது) செய்ய 40 நிமிஷம் ஆகுது பாய், கை நனைஞ்சுச்சான்னு சந்தேகம், திரும்ப கழுவுவேன்னு அவரே சொன்னார், நான் என்ன பண்ணினேன் தெரியுமா, மாஷா அல்லாஹ் நீங்க பர்ஃபெக்ஷனிஸ்ட் டைப், இபாதத்துல (வணக்கத்துல) இஹ்ஸான், அதாவது முழு அழகு, தேடுற ஆளுன்னு அத்தன பேர் முன்னாடி பாராட்டினேன். ஒன்றரை வருஷம் கழிச்சு பாத்தா முழங்கை வரைக்கும் தோல் வெடிச்சிருக்கு, தொழுகைய ஆரம்பிக்க தக்பீர் கட்டுவார் அவிழ்ப்பார் மறுபடி கட்டுவார், அதுக்குள்ள இமாம் ருகூவுக்கு (குனியிற நிலைக்கு) போயிருவார். கடைசியில அவர் மனைவிதான் மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. ஓசிடி, விடாத சந்தேகத்தால செஞ்சதையே திரும்பத் திரும்ப செய்ய வைக்கிற மனநோய். "நல்ல குணம்னு நீங்க சொன்னீங்கள்ல, அதான் விட மனசு வரல"ன்னார். அவர் கோவமா சொல்லியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

ஓசிடில என்ன நடக்குதுன்னா சந்தேகம் வரும், கழுவுவார், கொஞ்ச நேரம் நிம்மதி, அந்த நிம்மதியே மூளைக்கு 'கழுவினதாலதான் தப்பிச்சோம்'னு பாடம் நடத்திரும், அடுத்த தடவ சந்தேகம் இன்னும் பலமா வரும். அதனால சிகிச்சையில சந்தேகத்தோடயே இரு, திரும்பக் கழுவாதேன்னு படிப்படியா பழக்குறாங்க. இப்ப ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) என்ன சொல்லுது? உறுதியானது சந்தேகத்தால நீங்காது, வஸ்வாஸ் (விடாத வீண் சந்தேகம்) உள்ளவர் அத கண்டுக்காம தொழுகையத் தொடரணும். ரெண்டும் ஒண்ணையேதான் சொல்லுது, உண்மையிலயே அறிவியலும் மார்க்கமும் கை கோக்குற இடம் இது, நான் டோபமைன் அம்புக்குறி வரைஞ்சிட்டிருந்தேன். 934ல காலமான முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கி, மனசோட நோய்கள எழுதும்போது வஸ்வாஸுக்குன்னு தனி அத்தியாயமே வச்சிட்டுப் போயிருக்கார், அதப் படிக்காம நான் கிளாஸ் எடுத்திருக்கேன்!

இப்பல்லாம் நான் டெஸ்ட் மார்க்க பாக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு கேப்பேன், செஞ்சு முடிச்சதும் மனசு நிறையுதா, இல்ல பயம் விடமாட்டேங்குதா? பயம்னா நான் பேச்ச நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்லிருவேன், அது ஓசிடியா இல்லையான்னு சொல்றது என் வேலை இல்ல, வஸ்வாஸ் பத்தி தெரிஞ்ச ஹஸ்ரத் (மார்க்க அறிஞர்) ஒருத்தர் கூட இருந்தா இன்னும் நல்லது.

நான் இன்ட்ரோவர்ட், ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) செட் ஆகாது

இரவுத் தொழுகையில அபூபக்ர் (ரலி) மெதுவா ஓதுவாங்க, உமர் (ரலி) சத்தமா ஓதுவாங்க. நபி (ஸல்) அபூபக்ர்கிட்ட சத்தத்த கொஞ்சம் கூட்டவும் உமர்கிட்ட கொஞ்சம் குறைக்கவும் சொன்னாங்க, அப்படியே விட்டுரல. சுபாவம் ஆரம்பிக்கிற இடம்னு எடுத்துக்கங்க, லீவ் லெட்டர் இல்ல.

இடது மூளை ஷரீஅத் (மார்க்க விதி), வலது மூளை தஸவ்வுஃப் (சூஃபி வழி)

வேணாம்.

21 நாள் தஹஜ்ஜுத் (நடு ராத்திரித் தொழுகை) சேலஞ்ச்

21 நாள் செஞ்சா பழக்கமாயிரும்னு சொல்லிடுறோம், ஆனா பழக்கம் படிய சராசரி 66 நாள், ஆளப் பொறுத்து 18லருந்து 254 வரைக்கும் போகும்னு ஒரு லண்டன் ஆய்வு, அதுலயும் அவங்க பாத்தது தண்ணி குடிக்கிறது, நடக்கிறது மாதிரி பழக்கம், நடு ராத்திரி எந்திரிக்கிறது இல்ல. 22ஆம் நாள் தூங்கிட்டவன் வந்து என் ஈமான்ல (நம்பிக்கையில) கோளாறான்னு கேப்பான், அப்ப பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.