ஸ்டீரியோவுல டிஎஸ்பி செட் பண்றது: மேட்டை வெட்டுங்க, பள்ளத்தை விட்டுடுங்க

டிஎஸ்பி பாக்ஸ் (சத்தத்தை டிஜிட்டலா திருத்துற கருவி) கைக்கு வந்ததும் ஈக்யூவ (எந்த ஹெர்ட்ஸை ஏத்தணும், எதை இறக்கணும்னு வைக்கிற இடம்) திறந்து இஷ்டத்துக்கு இழுக்க ஆரம்பிச்சுடாதீங்க, அது கடைசி வேலை. முதல்ல கனெக்‌ஷன். ப்ரீஆம்புக்கும் (வால்யூம் வைக்கிற பகுதி) பவர் ஆம்புக்கும் (ஸ்பீக்கரை ஓட்டுற பகுதி) நடுவுலதான் இது உக்காரணும். ரெண்டும் ஒரே பெட்டியில இருக்கிற இன்டெக்ரேட்டட் ஆம்ப்னா பின்னாடி ப்ரீ அவுட், மெயின் இன் ரெண்டும் இருக்கான்னு பாருங்க, இருந்தா அங்கயே மாட்டலாம். இல்லன்னா சோர்ஸுக்கும் (சிடி ப்ளேயர் மாதிரி பாட்டு வர்ற கருவி) ஆம்புக்கும் நடுவுல வைக்கலாம், ஆனா சப்வூஃபரும் (பேஸுக்குன்னே இருக்கிற ஸ்பீக்கர், சுருக்கமா சப்) டிஎஸ்பியில இருந்து தனியா போகுதுன்னா வால்யூமை டிஎஸ்பிக்கு முன்னாடியோ டிஎஸ்பியிலயோதான் ஏத்தி இறக்கணும், ஆம்ப் நாப்பைத் திருப்பினா ஸ்பீக்கர் மட்டும் ஏறும், சப் அப்படியே நிக்கும். ஆன் பண்றப்போ பவர் ஆம்ப் கடைசி, ஆஃப் பண்றப்போ அதுதான் முதல்ல, இல்லன்னா ஸ்பீக்கர்ல டொப்புனு ஒரு அடி விழும்.

அடுத்து அளக்கணும், காதை நம்பி ஈக்யூ போடுறது வீண் வேலை. யூமிக்-1 மாதிரி ஒரு யூஎஸ்பி மைக், ரூம் ஈக்யூ விஸார்ட் சாஃப்ட்வேர், இது ஃப்ரீதான். மைக்கோட சீரியல் நம்பருக்குன்னு இருக்கிற கேலிப்ரேஷன் ஃபைலை (அந்த மைக்கோட பிழையை சரிக்கட்டுறது) மறக்காம லோட் பண்ணுங்க. நீங்க உக்கார்ற இடத்துல, காது உயரத்துல, ஸ்டாண்ட்ல மைக்கை வச்சு லெஃப்ட், ரைட் தனித்தனியா ஸ்வீப் (கீழ் ஹெர்ட்ஸ்ல இருந்து மேல வரைக்கும் ஏறுற டெஸ்ட் சத்தம்) ஓட்டுங்க.

இப்போ கிராஃபைப் பாருங்க, எந்த ஹெர்ட்ஸ் எவ்வளவு சத்தமா வருதுன்னு காட்டும், தூக்கி நிக்கிறது மேடு, இறங்கிக் கிடக்கிறது பள்ளம். ரூம் 4 மீட்டர் நீளம்னா சத்தத்தோட வேகம் 343-ஐ நீளத்தோட ரெண்டு மடங்கான 8-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 43 ஹெர்ட்ஸ், அங்க ஒரு மேடு நிக்க நிறைய வாய்ப்பு இருக்கு, பேஸ் கொழகொழன்னு கேக்குறது பெரும்பாலும் இதனாலதான். மேடு 8 டெசிபல்னா அதே ஹெர்ட்ஸ்ல மைனஸ் 6, க்யூ (வெட்டு எவ்வளவு அகலம்ங்கிற அளவு, நம்பர் கூடினா குறுகலாகும்) 5 வச்சு ஆரம்பிச்சு திரும்ப ஸ்வீப் போடுங்க, மேட்டோட அகலத்துக்கு ஏத்த மாதிரி க்யூவை மாத்துங்க. பள்ளத்தை மட்டும் ரொப்பப் பாக்காதீங்க. ஸ்பீக்கர் சத்தமும் சுவர்ல பட்டு திரும்புற சத்தமும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கறதாலதான் அந்த ஆழமான பள்ளம், நீங்க 6 டெசிபல் ஏத்தினா திரும்புற சத்தமும் சேந்து ஏறும், பள்ளம் அங்கயேதான் இருக்கும், ஆம்ப்தான் நாலு மடங்கு பவர் கக்கணும். அதுக்கு சேரையோ ஸ்பீக்கரையோ கொஞ்சம் நகத்திப் பாருங்க.

300 ஹெர்ட்ஸுக்கு மேல பெருசா கை வைக்க வேணாம், மைக்கை அரை அடி தள்ளினாலே அங்க கிராஃப் வேற மாதிரி வரும், எதைன்னு திருத்துவீங்க?

டிலே சிம்பிள், 1 மில்லிசெகண்டுக்கு சத்தம் 34 சென்டிமீட்டர் போகும், ரெண்டு ஸ்பீக்கர் சத்தமும் ஒரே நேரத்துல வந்து சேர்ற மாதிரி கிட்ட இருக்கிற ஸ்பீக்கருக்கு அந்தக் கணக்குல டிலே குடுங்க. சப்புக்கு டேப் அளவு பத்தாது, உள்ள இருக்கிற எலக்ட்ரானிக்ஸே கொஞ்சம் லேட் பண்ணும். 80 ஹெர்ட்ஸ்ல க்ராஸ்ஓவர் (அதுக்குக் கீழ சப், மேல ஸ்பீக்கர்னு பிரிக்கிறது) போட்டிருந்தா சப்போட போலாரிட்டியை (ப்ளஸ், மைனஸ்) திருப்பிப் போட்டு, ஸ்பீக்கரையும் சப்பையும் சேத்து ஸ்வீப் ஓட்டி, 80 பக்கத்துல பள்ளம் ரொம்ப ஆழமா விழுற வரைக்கும் மெயின் ஸ்பீக்கர் டிலேவை கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க, அப்புறம் போலாரிட்டியை பழையபடி வச்சா ரெண்டும் சேந்து வாசிக்கும்.

எல்லாம் முடிஞ்சா டிஎஸ்பியில ஒரு ப்ரீசெட்ல (சேவ் பண்ணி வைக்கிற செட்டிங்) ஈக்யூ, இன்னொண்ணுல ஈக்யூ இல்லாம சேவ் பண்ணி மாத்தி மாத்திக் கேளுங்க, ஆனா ரெண்டோட லெவலையும் சமமா வச்சுட்டுக் கேளுங்க, இல்லன்னா எது சத்தமா இருக்கோ அதுதான் நல்லாருக்குன்னு தோணும்.