ரெச்சாவ் கடையில் காலி பாட்டிலைக் கண்ணில் படும்படி வையுங்கள்

தைவானில் ரெச்சாவ் கடைக்குப் போனால், குடித்து முடித்த பியர் பாட்டில்களை உங்கள் மேசையோரமே அடுக்கி வையுங்கள்; பக்கத்து மேசைப் பாட்டில்களோடு கலக்க விடாதீர்கள். வாணலியில் சுடச்சுட வதக்கித் தரும் இந்தக் கடைகள் பலவற்றில், குளிர்பெட்டியைத் திறந்து பியரை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். பில் போடும்போது காலி பாட்டிலை எண்ணித்தான் காசு. ஆகவே பணம் கட்டுமுன் நீங்களும் ஒருமுறை எண்ணிவிடுங்கள். திறக்காத பாட்டிலைப் பெரும்பாலும் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

மொத்தமாக அள்ளி வராமல் ஒன்றிரண்டாக எடுப்பது நல்லது. 600 மி.லி. பாட்டிலைச் சின்னக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் குடிப்பதே அங்குள்ள வழக்கம். தம்ளரில் இருப்பது சூடேறுமுன் தீர்ந்துவிடும், மேசையில் காத்திருக்கும் பாட்டில்தான் வெதுவெதுப்பாகிக் கெடும். '18 நாள்' தைவான் பியர் எடுத்தால் தேதியைப் பாருங்கள். சூடேற்றிப் பதப்படுத்தாதது என்பதால் அதன் ஆயுளே 18 நாள்தான், அதுவும் குளிரில் இருந்தால். புதிதாக இருக்கும்போது அதன் ருசியே தனி.

பணியாளரே பியர் கொண்டுவந்து சீட்டில் குறிக்கும் கடையில் பாட்டில் கணக்கு உதவாது. சீட்டைத்தான் சரிபார்க்க வேண்டும். தொட்டியில் நீந்தும் மீன், நண்டுக்கும் கடைசியில் எண்ணிப் பார்க்கும் வழி பொருந்தாது. 'அன்றைய விலை' என்று எழுதியிருந்தால், எடை போட்டு விலை கேட்ட பிறகே அடுப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.