டர்ன் முறைப் போர் கேம்கள்: கையடக்கக் கன்சோலில் நாம் சறுக்கும் இடங்கள்

'அட்வான்ஸ் வார்ஸ்' ஆடத் தொடங்குகிறவர்கள் காசு சேர்ந்ததும் செய்கிற முதல் காரியம் ஒரு மீடியம் டாங்கி வாங்குவது. விலை 16,000. அதைக் கம்பீரமாகச் சாலையோடு முன்னே ஓட்டிப் போய் எதிரியின் யூனிட் ஒன்றை நொறுக்குவார்கள். அடுத்து எதிரியின் முறை, அதாவது டர்ன். ஆயிரத்துக்கு வாங்கிய காலாட்படை ஒன்று வந்து வழியை மறிக்கும். இரண்டு மூன்று கட்டம் தள்ளி நிற்கிற பீரங்கிகள் ஒவ்வொன்றாகச் சுடும். பீரங்கி ஒன்று 6,000தான். இரண்டு பீரங்கி அடித்தாலே மீடியம் டாங்கியின் பத்து ஹெச்பியில் (உயிர்ப் புள்ளியில்) பாதிக்கு மேல் காலி. திருப்பி அடிக்கவும் வழியில்லை, டாங்கிக்குப் பக்கத்துக் கட்டம்தான் எட்டும்.

"டாங்கி வேஸ்ட்" என்று அதன் மேல் பழி போடுகிறார்கள். டாங்கியில் குறையே இல்லை, அது போய் நின்ற கட்டம்தான் தப்பு. அடித்து முடித்த பிறகு நம் யூனிட் எங்கே நிற்கிறது, அங்கே யார் யார் கை எட்டும் என்று பார்க்காமல் விடுவதுதான் இந்த வகை கேம்களில் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். நான் கீழே சொல்கிற தவறுகளில் முக்கால்வாசி இதன் கிளைகளே.

அட்வான்ஸ் வார்ஸ் 2001-இலும், ஃபயர் எம்ப்ளம் 2003-இலும் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்தவை. இரண்டையும் செய்தது ஜப்பானின் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ். இப்போது இரண்டுமே நின்டென்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் கிடைக்கின்றன. அட்வான்ஸ் வார்ஸின் முதல் இரண்டு பாகங்கள் 'ரீ-பூட் கேம்ப்' என்று புதுப்பிக்கப்பட்டு 2023 ஏப்ரலில் வந்தன. பழைய ஃபயர் எம்ப்ளமும் அதே ஆண்டு ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவின் கூடுதல் தொகுப்பில் சேர்ந்தது. பேருந்திலும் படுக்கையிலும் வைத்து ஆட இவற்றைவிடப் பொருத்தமான கேம்கள் குறைவு, எனவே உதாரணங்களும் பெரும்பாலும் இவற்றிலிருந்தே.

எட்டும் தூரம் பார்க்காமல் நகர்த்துவது

அட்வான்ஸ் வார்ஸில் எதிரி யூனிட்டின் மேல் கர்சரை வைத்து பி பட்டனை அழுத்திப் பிடித்தால் அது எதுவரை தாக்கும் என்று திரையில் தெரியும். பழைய கேம் பாய் பதிப்பிலேயே இந்த வசதி இருந்தது. சாதாரண டாங்கி ஒரு டர்னில் ஆறு கட்டம் நகரும், அதற்கு அடுத்த கட்டத்தில் நிற்பவரை அடிக்கும். அதாவது திறந்த வெளியில் ஏழு கட்டத்துக்குள் நிற்கிற எல்லோரும் அதற்கு இரை.

இந்த எல்லைக்கு ஒரே ஒரு கட்டம் வெளியே நிற்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வித்தை. எதிரியால் நம்மை அடிக்க முடியாது, ஆனால் கம்ப்யூட்டருக்குப் பொறுமை கிடையாது. முன்னேறி வந்து நம் எல்லைக்குள் நிற்கும். முதல் அடி நமக்குக் கிடைக்கும். முதல் அடிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? இந்தக் கேமில் ஒரு யூனிட்டின் தாக்கும் சக்தி அதன் மீதி ஹெச்பியைப் பொறுத்தது. டாங்கி டாங்கியை அடித்தால் சமதரையில் ஏறக்குறைய பாதி போய்விடும். திருப்பி அடிக்கிறபோது அந்தப் பாதி டாங்கிக்குப் பாதி பலம்தான். ஒரே விலை, ஒரே யூனிட், முதலில் அடித்தவருக்கு இரண்டு மடங்கு லாபம்.

ஃபயர் எம்ப்ளத்தில் இதே தவறு இன்னும் வலிக்கும், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு யூனிட்டும் பெயருள்ள ஓர் ஆள், செத்தவர் திரும்ப வரமாட்டார். அங்கே நாம் அடித்து முடித்ததும் எதிரிகள் அத்தனை பேரும் வரிசையாக நகர்வார்கள். வில்லாளி இரண்டு கட்டம் தள்ளியிருந்துதான் அடிப்பார், பக்கத்தில் வந்து நிற்கிற கோடாரிக்காரனைத் திருப்பி அடிக்க அவரால் முடியாது. பறக்கும் குதிரை வீராங்கனை மேப்பின் எந்த மூலைக்கும் போவார், ஆனால் ஒரு வில்லாளியின் எல்லைக்குள் தெரியாமல் நின்றால் ஒரே அம்பில் கதை முடியலாம். கம்ப்யூட்டர் பெரும்பாலும் கொல்ல முடிகிற ஆளையோ அதிகம் காயப்படுத்த முடிகிற ஆளையோதான் தேடிப் போகும். அடிபட்ட குணப்படுத்துபவரை முன்வரிசையில் விட்டுவிட்டு "எப்படியும் நம் பலசாலி மார்க்கஸைத்தான் அடிப்பான்" என்று நம்புவது வீண்.

காலாட்படையை மதிக்காதது

அட்வான்ஸ் வார்ஸில் நம் வசம் உள்ள ஒவ்வொரு நகரமும் நாள் ஒன்றுக்கு 1,000 தரும். அதைக் கைப்பற்றக் காலாட்படைதான் வேண்டும், டாங்கிக்கு அந்த வேலை தெரியாது. ஒரு நகரத்தின் பிடிமானம் 20 புள்ளி. பத்து ஹெச்பி காலாட்படை ஒரு டர்னில் பத்தைக் குறைக்கும், ஆக இரண்டு டர்ன். ஐந்து ஹெச்பி உள்ள படைக்கு நான்கு டர்ன் பிடிக்கும். அடிபட்ட இரண்டு படைகளை ஒரே கட்டத்தில் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் இந்தத் தாமதம் மிச்சம். முதல் சில நாள் காலாட்படையாக வாங்கித் தள்ளுகிறவர்தான் பிறகு நிம்மதியாக மீடியம் டாங்கி வாங்குவார்.

தளபதியின் சிறப்புச் சக்தியைக் கடைசிவரை சேமித்து வைப்பதும் இதே ரகம்தான். ஆண்டி என்ற தளபதியின் சக்தி எல்லா யூனிட்டுக்கும் 2 ஹெச்பி திருப்பித் தரும். படையே மிச்சமில்லாதபோது அதை அமுக்கி என்ன செய்வது.

எண்ணைப் படிக்கத் தெரியாமல் அடிப்பது

அடிப்பதற்கு முன் கேம் ஒரு சின்னக் கட்டத்தில் கணக்கைக் காட்டும். ஏ பட்டனைத் தட்டிக்கொண்டே போகிற பழக்கத்தில் நாம் அதைப் பார்ப்பதே இல்லை. பார்க்கிறவர்களும் தப்பாகப் படிப்பதுண்டு. அட்வான்ஸ் வார்ஸில் காட்டுகிற சேத சதவீதத்தோடு 0 முதல் 9 வரை அதிர்ஷ்டம் கூடும். 95 என்று காட்டினால் எதிரி சாகலாம், சாகாமலும் போகலாம். செத்துவிடுவான் என்றே வைத்துக்கொண்டு அடுத்த யூனிட்டை அந்த வழியாக அனுப்பத் திட்டம் போடாதீர்கள்.

ஃபயர் எம்ப்ளத்தில் விஷயம் வேடிக்கையானது. கேம் பாய் அட்வான்ஸ் பாகங்களிலும் அதன் பிறகு 2012-இன் 'அவேக்கனிங்' வரையிலும், அடி படுமா என்று தீர்மானிக்க கேம் இரண்டு எண்களை உருட்டி அவற்றின் சராசரியை எடுக்கும். அதனால் திரையில் 90 என்றால் உண்மையில் 98. 75 என்றால் ஏறக்குறைய 88. அதுவே கீழே போனால் 30 என்று காட்டுவது உண்மையில் 18தான். எதிரிக்கும் இதே கணக்கு. ஆக 80 காட்டுகிற அடியை நம்பி இறங்கலாம், 30 காட்டுகிற எதிரியைக் கண்டு அவ்வளவு பயப்பட வேண்டாம். ஆனால் இங்கே பழகிய கண்ணோடு ஸ்விட்சில் 'எக்ஸ்காம் 2' என்ற இன்னொரு டர்ன் முறை கேமைத் திறந்து 80-ஐ நம்பினால் தலையில் அடித்துக்கொள்ள நேரும். அதன் மிகக் கடினமான நிலையில் 80 என்றால் 80தான், ஐந்தில் ஒன்று தவறும்.

ஃபயர் எம்ப்ளத்தில் எப்போதாவது விழுகிற பேரடியான கிரிட்டிகல் அடிக்கு இந்தச் சராசரிச் சலுகை கிடையாது. விழுந்தால் மூன்று மடங்கு சேதம். எதிரியின் கிரிட்டிகல் 3 சதவீதம்தானே என்று அலட்சியம் செய்பவர்கள், ஒரு கேமில் எத்தனை நூறு முறை எதிரி நம்மை அடிக்கிறான் என்பதை யோசிப்பதில்லை.

ஆயுதத் தேர்விலும் பெரிய எண்ணே ஏமாற்றும். ஃபயர் எம்ப்ளத்தின் வாள்வீராங்கனை லின்னை எடுத்துக்கொள்வோம். அவருடைய உடல்கட்டு 5. இரும்பு வாளின் எடை 5, சக்தி 5. எஃகு வாளின் சக்தி 8, எடை 10. உடல்கட்டைவிட எடை எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகம் குறையும். எஃகு வாளைக் கொடுத்ததும் லின்னின் வேகத்தில் 5 போய்விடுகிறது. எதிரியைவிட 4 புள்ளி வேகம் அதிகமிருந்தால்தான் இரண்டு முறை வெட்ட முடியும். ஆக எஃகு வாளோடு ஒரு வெட்டு, இரும்பு வாளோடு இரண்டு. குறி தப்புவதும் எஃகு வாளில்தான் அதிகம். கடையில் விலை கூடுதலாக இருப்பதை வாங்கி எல்லோர் கையிலும் திணிப்பவர்கள் லின்னைச் சபிப்பதை நிறையப் பார்க்கலாம்.

மார்க்கஸ் விவகாரம்

ஃபயர் எம்ப்ளத்தின் பல பாகங்களில் தொடக்கத்திலேயே பழுத்த அனுபவசாலி ஒருவரைக் கொடுப்பார்கள். 2003 கேமில் அவர் மார்க்கஸ். புதியவர்கள் எல்லா எதிரிகளையும் அவரை வைத்தே கொல்வார்கள். பதவி உயர்வு பெற்றவர் என்பதால் அவருக்குக் கிடைக்கும் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) சொற்பம், வளர வேண்டிய பிள்ளைகள் பட்டினி கிடப்பார்கள். பத்து அத்தியாயம் கழித்து விழித்துப் பார்த்தால் கதாநாயகன் எலிவுட் இன்னும் மூன்றாம் லெவலில் நிற்பார்.

இதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தவர்களும் உண்டு. மார்க்கஸின் ஆயுதத்தைப் பிடுங்கிப் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். எனக்கு இதுவும் அபத்தமாகவே தெரிகிறது. எதிரியின் பாதி ஹெச்பியை அவர் குறைக்கட்டும், கடைசி வெட்டைச் சின்னவர் வெட்டட்டும். குறுகலான வழியில் அவரை நிறுத்தி அடைத்துவிட்டால் பின்னால் இருப்பவர்கள் பிழைப்பார்கள். இந்த ஒரு பாகத்தில் மார்க்கஸ் கடைசிவரை பயன்படுகிற அளவுக்கு நல்லவரே.

பெயரோடும் தனி முகத்தோடும் வருகிற எதிரியை உடனே வெட்டுவது இன்னொரு தவறு. கை என்ற வாள்வீரன் எதிரிப் படையில்தான் வருவான், நம் படையிலுள்ள மேத்யூவை அவன் பக்கத்தில் கொண்டுபோய்ப் பேச வைத்தால் நம் பக்கம் வந்துவிடுவான்.

ஒருவர் செத்தால் எல்லாவற்றையும் திரும்ப ஆடுவது

இது தவறா என்பதில் ஆடுபவர்களிடையே ஓயாத சண்டை இருக்கிறது. என் கருத்து: அத்தியாயத்தின் கடைசி டர்னில் ஒரு துணைப் பாத்திரம் செத்தால் விட்டுவிடலாம். கேம் தொடர்ந்து புது ஆட்களைத் தருவதே அந்த இடத்தை நிரப்பத்தான். ஒவ்வொரு சாவுக்கும் ரீசெட் செய்கிறவர் முப்பதாம் அத்தியாயத்தைப் பார்ப்பதற்குள் சலித்துப் போவார். மனசு கேட்கவில்லையென்றால் அவேக்கனிங் முதலான பாகங்களில் கேஷுவல் முறை இருக்கிறது, அடிபட்டவர் அடுத்த போரில் திரும்பி வருவார். அதைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

ஃபயர் எம்ப்ளத்தின் 2019 பாகமான 'த்ரீ ஹவுசஸ்' நேரத்தைப் பின்னோக்கித் திருப்பும் சக்தி தருகிறது. திருப்பிவிட்டு அதே அடியை அதே இடத்திலிருந்து அடித்தால் அதே முடிவுதான் வரும். திருப்புவது என்றால் வேறு திட்டம் போடுவதற்கு.

கொல்வதையே குறியாக வைப்பது

'இன்டு தி ப்ரீச்' 2018-இல் ஸ்விட்சுக்கு வந்தது. எட்டுக்கு எட்டுக் கட்டம், நமக்கு மூன்று இயந்திரங்கள், எதிரி அடுத்து யாரை அடிக்கப் போகிறான் என்பது முன்கூட்டியே திரையில். ஃபயர் எம்ப்ளத்திலிருந்து வருகிறவர்கள் எதிரிகளான ராட்சதப் பூச்சிகளைக் கொல்லத் துரத்துவார்கள், அதற்குள் கட்டடங்கள் இடிந்து மின் இணைப்பு போய்விடும். இது ஆடுபுலி ஆட்டத்தில் ஆடு பக்கம் உட்கார்வது போன்றது: கொல்வது நம் வேலை இல்லை, நகர விடாமலும் கடிக்க விடாமலும் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு பூச்சியை ஒரு கட்டம் தள்ளிவிட்டால் அதன் அடி இன்னொரு பூச்சி மேல் விழும். அடிப்பதற்கு முன் நகர்வைத் திரும்பப் பெறலாம், ஒவ்வொரு போரிலும் ஒரு முறை டர்ன் முழுவதையும் மறுபடி தொடங்கலாம். அந்த ஒரு வாய்ப்பை முதல் டர்னிலேயே செலவழிக்காதீர்கள்.

கையில் வைத்து ஆடுவதால் வருபவை

பாதி டர்னில் ஸ்விட்சைத் தூங்க வைத்துவிட்டு மறுநாள் எடுத்தால் யாரை எதற்காக எங்கே நகர்த்தினோம் என்பது நினைவில் இருக்காது. எதிரி நகர்ந்து முடித்து, நம் டர்ன் தொடங்கி, இன்னும் யாரையும் தொடாத நேரத்தில் மூடி வைப்பது நல்லது. திரும்ப எடுத்ததும் முதலில் எதிரி எல்லைகளை ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். எழுத்து பொடியாக இருக்கும் கேம்களில், முக்கியமாக எக்ஸ்காம் 2-வில், இறங்கும் இடம் நெருங்கிவிட்டது என்ற அவசரத்தில் ஆடுவதைத் தவிருங்கள்.

தூக்க நிலை சேவ் ஆகாது. பேட்டரி முழுவதும் இறங்கினால் சேவ் செய்யாதது போனது போனதுதான். முதலில் வந்த ஸ்விட்ச் கேமைப் பொறுத்து இரண்டரை முதல் ஆறரை மணி நேரம்தான் தாங்கும். பழைய கேம் பாய் அட்வான்ஸ் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல், திரைக்கு விளக்கே கிடையாது என்பதால் இரண்டு பென்சில் பேட்டரியில் பதினைந்து மணி நேரம் ஓடும். அதில் ஃபயர் எம்ப்ளம் ஒவ்வொரு செயலுக்குப் பிறகும் தானாகவே சேமித்துக்கொள்ளும், எந்த நிமிடத்திலும் அணைக்கலாம். சாகப் போகிறவரைக் காப்பாற்றவென்று அணைத்துப் பயனில்லை, திறந்ததும் அதே அடி விழும். அத்தியாயங்களுக்கு நடுவே சேமிக்க மூன்று இடங்கள் தருகிறார்கள். மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள், முக்கியமான ஒருவர் இல்லாமல் அடுத்த அத்தியாயத்துக்குள் மாட்டிக்கொண்டால் ஒரு படி பின்னால் போக அது ஒன்றுதான் வழி.