ரேடியேஷனும் மார்பக இம்ப்ளான்ட்டும்: முன்கூட்டியே தவிர்க்கக்கூடிய தவறுகள்

புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றிவிட்டு இம்ப்ளான்ட், அதாவது மார்பு வடிவத்துக்கான செயற்கைப் பை, வைத்துக்கொள்ளலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அளவையோ வடிவத்தையோ பற்றி அல்ல. "எனக்கு ரேடியேஷன் தேவைப்படுமா?" என்பதைத்தான். ஆப்பரேஷனுக்குத் தேதி குறித்த பிறகு ரேடியேஷன் டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதுதான் என் பார்வையில் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, அக்குளில் 4 அல்லது அதற்கு மேற்பட்ட நெறிக்கட்டிகளில் புற்று பரவியிருந்தாலோ பொதுவாக ரேடியேஷன் கொடுப்பார்கள். 1 முதல் 3 என்றால் ஆளுக்கு ஆள் முடிவு மாறும். அகற்றிய திசுவின் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றாலும், வாய்ப்பு எவ்வளவு என்பதை முன்பே பேசிவிடலாம், பேசியே ஆக வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எந்த இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் உடம்பு ஒரு மெல்லிய உறையை உருவாக்கும், அது இயல்புதான். ஆனால் கதிர்வீச்சு பட்ட இடத்தில் அந்த உறை தடித்து இறுகும் வாய்ப்பு அதிகம். அப்போது மார்பு கல் மாதிரி ஆகும், மேலே இழுத்துக்கொள்ளும், சிலருக்கு வலிக்கும். தோலுக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆற நாளாகும், தொற்று வரலாம், சில சமயம் இம்ப்ளான்ட்டையே எடுக்க வேண்டியிருக்கும். 2018ல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வில், ரேடியேஷன் பெற்றவர்களில் இம்ப்ளான்ட் வைத்தவர்கள் 100 பேரில் சுமார் 39 பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் ஏதோ ஒரு சிக்கல் வந்தது. தங்கள் வயிறு போன்ற இடத்துத் திசுவை எடுத்து மார்பை உருவாக்கிக்கொண்டவர்களில் அது சுமார் 26 பேர்.

அதற்காக ரேடியேஷன் என்றாலே இம்ப்ளான்ட் கூடாது என்று முடிவுகட்டுவதும் தவறுதான். பலருக்கு அது நன்றாகவே இருந்துவிடுகிறது. சொந்தத் திசு முறையில் ஆப்பரேஷன் நீளும், திசு எடுத்த இடத்திலும் தழும்பு இருக்கும், எல்லோர் உடம்புக்கும் அது ஒத்துவராது. ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது, ரேடியேஷன் முடிந்து பல மாதம் கழித்து நிதானமாகச் செய்யலாம், எதுவுமே செய்யாமல் தட்டையாகவே விட்டுவிடலாம் என்பதையெல்லாம் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்களே, அதுதான் வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று, இம்ப்ளான்ட் கெட்டுவிடும் என்று பயந்து ரேடியேஷனைத் தள்ளிப்போடுவது அல்லது வேண்டாம் என்பது. இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நோய் திரும்பி வரும் வாய்ப்பைக் குறைப்பதற்குத்தான் அந்தச் சிகிச்சை. வடிவத்தைப் பிறகு சரிசெய்ய வழி உண்டு.

முதலில் எக்ஸ்பாண்டர் என்ற தற்காலிகப் பையை வைத்து, அதில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் நிரப்பித் தோலை விரிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரேடியேஷன் திட்டம் போடும்போது எடுக்கும் ஸ்கேனில் எக்ஸ்பாண்டர் எந்த அளவில் இருக்கிறதோ, அதை வைத்துத்தான் கதிர் எங்கே எவ்வளவு பட வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். சிகிச்சை நடக்கும்போது ஒரு டாக்டர் நீரைக் கூட்டுவதோ குறைப்பதோ மற்ற டாக்டருக்குத் தெரியாமல் நடந்தால் அந்தக் கணக்கே தப்பும். அப்புறம், பல எக்ஸ்பாண்டர்களில் காந்தம் இருக்கிறது, எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

ரேடியேஷன் முடிந்தபோது தோல் நன்றாக இருந்தது, இனி கவலையில்லை என்று நினைப்பதும் உண்டு. உறை இறுகுவது மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் வரும். எக்ஸ்பாண்டரை எடுத்துவிட்டு நிரந்தர இம்ப்ளான்ட் வைப்பதற்கு அவசரப்படக்கூடாது என்பதும் இதனால்தான், பொதுவாக ஆறு மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். புகைப்பழக்கம் இருந்தால் ஆப்பரேஷனுக்குச் சில வாரம் முன்பே விட்டுவிட வேண்டும், நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும். மார்பில் உணர்ச்சி குறைவாக இருக்கும், எனவே சுடுநீர்ப் பை வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது.

கடைசியாக ஒன்று. மார்பு சிவந்தால் "ரேடியேஷன்தானே, ஆறிவிடும்" என்று காத்திருக்காதீர்கள். கதிரால் வரும் சிவப்பு மெல்ல மெல்ல, சிகிச்சை பட்ட இடம் முழுக்க வரும். திடீரென்று சிவப்பு கூடினால், சூடாக இருந்தால், காய்ச்சல் வந்தால், தையல் வழியே நீர் கசிந்தால் அது தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள், சீக்கிரம் பார்த்தால் சிலருக்கு மருந்திலேயே இம்ப்ளான்ட்டைக் காப்பாற்றிவிட முடிகிறது.