டிசம்பரில் பாட்டுக் கணக்கு பார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

டிசம்பர் பிறந்தால் போதும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க, பாட்டு ஆப்கள் ஆண்டு முடிவில் தரும் வண்ண அட்டைகள். இந்த ஆண்டு இத்தனை ஆயிரம் நிமிடம் கேட்டேன், முதலிடம் இந்த இசையமைப்பாளர், அடுத்தது அந்தப் பாடகி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டு சேகரிக்கிறவர்கள், அது ரெக்கார்டாக இருந்தாலும் கேசட்டாக இருந்தாலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தாலும், அந்த அட்டையையே தங்கள் ஆண்டுக் கணக்காக எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு தொடங்குகிறது.

பாட்டு ஆப்பான ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. நாலு நிமிட சினிமாப் பாட்டுக்கும் ஒன்று, ஐம்பது நிமிட ராகம் தானம் பல்லவிக்கும் ஒன்று. அந்தப் பல்லவியை ஞாயிறு மதியம் உட்கார்ந்து முழுசாகக் கேட்டிருப்பீர்கள். பஸ் நெரிசலில் காதில் ஓடிக்கொண்டிருந்த குத்துப்பாட்டு பட்டியலில் அதைத் தாண்டி எங்கோ போயிருக்கும். கேட்டதையெல்லாம் பதிந்து வைக்கும் லாஸ்ட்.எஃப்எம் தளத்தின் கணக்கு வேறு மாதிரி: பாட்டின் பாதி, அல்லது 4 நிமிடம், எது முதலில் வருகிறதோ அது. ஆலாபனையில் வித்வான் மேல் ஸட்ஜத்தை எட்டிப் பார்ப்பதற்குள் அங்கே கணக்கு முடிந்துவிடும். கர்நாடக சங்கீதமே பெரும்பாலும் கேட்கிறவர், ஆண்டு முடிவில் தான் ஒரு சினிமாப் பாட்டுப் பைத்தியம் என்று நம்பிவிட இதுவே போதும்.

வீட்டுக்கு ஒரே கணக்கு என்றால் நிலைமை இன்னும் மோசம். காலையில் ஹாலில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், மாலையில் குழந்தைக்குச் சோறு ஊட்ட ஒரே பாட்டு திரும்பத் திரும்ப. முதல் ஐந்து இடங்களில் உங்களுக்கு இடமே இருக்காது. ஹால் ஸ்பீக்கருக்குத் தனிக் கணக்கு வைத்துவிடுங்கள். முருகனோடு போட்டி போட வேண்டாம்.

அட்டையில் இன்னொரு ஓட்டையும் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு அதுதான் பெரிய ஓட்டை. இந்த அறிக்கைகள் டிசம்பரை ஒட்டி வெளிவந்துவிடுகின்றன, அதற்குச் சில வாரம் முன்பே கணக்கை மூடிவிடுகிறார்கள். சென்னையில் சங்கீத சபாக்கள் சூடு பிடிப்பதே டிசம்பர் நடுவில்தான். மியூசிக் அகாடமியில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்ட பைரவி ராகமும், சபா கேன்டீன் போண்டாவுக்காகப் போய் எதிர்பாராமல் அகப்பட்ட இளம் வயலின்காரரும் எந்த ஆப்பிலும் ஏறுவதில்லை. வீட்டு ரெக்கார்டு ப்ளேயரில் ஓடியதும் ஏறாது. ஆகவே ஆண்டுக் கணக்கைப் பொங்கலுக்கு அப்புறம் பாருங்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பெயர்க் குழப்பத்துக்கு வருவோம். தமிழ் சினிமாப் பாட்டில் 'ஆர்ட்டிஸ்ட்' என்ற கட்டத்தில் யார் பெயர் இருக்க வேண்டும்? சில தொகுப்புகளில் இசையமைப்பாளர், சிலவற்றில் பாடகர், சிலவற்றில் எல்லோரும். ஆண்டு முழுக்க எஸ். ஜானகியைத் தேடித் தேடிக் கேட்டவருக்கு முதலிடத்தில் இளையராஜா வந்து நிற்பது இதனால்தான். சொந்தக் கோப்புகளிலும் இதே கதை: இளையராஜா பெயரே ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்துக்கூட்டலில் கிடக்கும், மென்பொருள் அவற்றை நாலைந்து ஆட்களாக எண்ணும். விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாடல்களை வெறும் எம்.எஸ்.வி. என்று போட்டு வைப்பதும் பலருக்குப் பழக்கம். அவர்கள் 1965இல் பிரிந்தார்கள். அதற்கு முன்பு சேர்ந்து செய்த படங்களில் ராமமூர்த்தி காணாமல் போனால், கணக்கு மட்டுமல்ல, வரலாறும் கோணலாகிவிடும். இசை, குரல், பாடல் வரி மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். ஒரு மாத வேலைதான், சலிப்பான வேலை, ஆனால் ஒரு தடவை செய்தால் போதும்.

அடுத்தது, வாங்கியதைக் கேட்டதாக எண்ணுவது. அலமாரியில் புதிதாக நாற்பது எல்பி, அதாவது பெரிய வினைல் தட்டு, வந்தது என்பது செலவுக் கணக்கு. அதில் இரண்டாம் பக்கம் வரை ஓடியவை எத்தனை என்று பாருங்கள். ஒரு பக்கம் இருபது நிமிடம் சொச்சம், எழுந்து திருப்பிப் போட வேண்டும், அங்கேதான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். கவருக்குள் ஒரு துண்டுச் சீட்டு செருகி, கேட்ட மாதத்தை மட்டும் பென்சிலால் குறித்தால் போதும். கணக்கு பார்க்கும்போது வெறும் சீட்டோடு இருப்பவை தானாகத் தெரிந்துவிடும்.

பழைய தட்டு வாங்கும்போது தரக்குறியீட்டைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. தட்டுகள் விற்கும் தளமான டிஸ்காக்ஸில் 'வெரி குட்' என்று போட்டிருந்தால் சத்தம் குறைவான இடங்களில் கரகரப்பு கேட்கும் என்றே பொருள். வாத்தியங்கள் நிறைந்த சினிமாப் பாட்டில் அது அமுங்கிவிடும். தம்புராவும் ஒற்றைக் குரலும் மட்டும் இருக்கும் ஆலாபனையில் ஒவ்வொரு கீறலும் பொரிகடலை மாதிரி வெடிக்கும். கச்சேரித் தட்டுக்கு 'வெரி குட் ப்ளஸ்'ஸுக்குக் கீழே இறங்காதீர்கள்.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழங்காலத் தட்டுகள் தனி உலகம். அவற்றை எல்பி ஊசியில் ஓட்டாதீர்கள். எல்பிக்கான ஊசி முனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. 78 தட்டின் பள்ளத்துக்கு அதைப் போல மூன்று மடங்கு வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் போய் அழுக்கைச் சுரண்டிக்கொண்டிருக்கும், பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் வரும். துடைப்பதில் இன்னும் கவனம் தேவை. வினைல் தட்டுக்கு நீர் கலந்த ஆல்கஹால் போடுகிறார்களே என்று இதற்கும் போட்டால் தீர்ந்தது. இந்தத் தட்டுகள் அரக்கில் செய்தவை, ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். துடைத்த துணியில் கறுப்பு இறங்கினால் அது அழுக்கு இல்லை, பாட்டு.

வேகத்தையும் சரிபாருங்கள். எழுபத்தெட்டு என்று பெயரே தவிர, ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாம் சரியாக அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. வேகம் ஆறு சதவீதம் கூடினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும், ஐந்து கட்டைக்காரர் ஐந்தரையில் பாடுவார். அதைக் கேட்டுவிட்டு 'இளமையில் இவர் குரல் எவ்வளவு உயரம்!' என்று ஆண்டுக் குறிப்பில் எழுதிவைத்தால், நீங்கள் பாராட்டியது மோட்டாரை. அதே பாடகரின் நாலைந்து தட்டுகளைச் சுருதிப்பெட்டி ஆப்போடு ஒப்பிட்டால் எது ஓடுகிறது, எது நடக்கிறது என்று பிடிபடும்.

டிஜிட்டல் சேகரிப்பில் ஒன்றைச் சொன்னால் போதும். ஒலியைக் குறைத்துச் சுருக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3யை, ஒலி இழக்காத ஃப்ளாக் கோப்பாக மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, போன ஒலி திரும்பாது. அலைவரிசைப் படம் காட்டும் மென்பொருளில் போட்டுப் பாருங்கள், 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியது போல நின்றிருந்தால் அதன் பூர்வீகம் எம்பி3யாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 'பொன்னான பாடல்கள்' வகையறா தொகுப்புகளில் வேறு பாடகர்களை வைத்துப் புதிதாகப் பாடிய பாட்டுகளும் கலந்திருக்கும். அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சரி, எதைத்தான் எழுதி வைப்பது? நட்சத்திரமும் மதிப்பெண்ணும் வேண்டாம், அடுத்த ஆண்டு பார்த்தால் மூன்றரைக்கும் நாலுக்கும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்கே விளங்காது. எந்தப் பதிவு, எதில் கேட்டது, காதில் விழுந்த ஒரே ஒரு விஷயம். உதாரணமாக இப்படி: 'நாகஸ்வரத் தோடி, 78 தட்டின் நகல். மூன்று நிமிடத்தில் முதல் பக்கம் தீர்கிறது. இரண்டாம் பக்கம் விட்ட இடத்தில் தொடராமல் கொஞ்சம் பின்வாங்கி ஏறுகிறது.' இதைப் படித்தால் மறுபடி அந்தத் தட்டைத் தேடத் தோன்றும்.

கடைசியாக, ஆப்பில் இதயக் குறி போட்ட பட்டியலைச் சேகரிப்பு என்று நினைக்க வேண்டாம். உரிம ஒப்பந்தம் முடிந்தால் பாட்டு ஒரே இரவில் சாம்பல் நிறமாகிவிடும். ஆண்டுக் கணக்கு பார்க்கும் அதே நாளில் அந்தப் பட்டியலை உருட்டி, இல்லாமல் இருக்க முடியாதவை எவை என்று ஒரு பத்து எடுங்கள். சிடியோ, தட்டோ, விலைக்குக் கிடைக்கும் கோப்போ, அவற்றை முதலில் வாங்குங்கள். கோப்பாக வாங்கினால் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள், இரண்டாவது வேறு வீட்டில் இருக்கட்டும்.