சுவர்க் குழாய் மரையில் கசிவு: டெஃப்லான் டேப் சுற்றுவது எப்படி?

எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயை நானே மாற்றினேன். மாட்டியதும் சொட்டுக்கூட இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் சுவரை ஒட்டி ஈர வளையம், விரல் வைத்தால் ஒரு துளி. அதற்குப் பிறகு மூன்று தடவை கழற்றி மாட்டித்தான் தவறு எங்கே என்று பிடிபட்டது.

தேவையானவை: புதுக் குழாய் (வீட்டில் பெரும்பாலும் அரை இஞ்ச்), டெஃப்லான் டேப் ஒரு ரோல், அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், பழைய பல் பிரஷ். அரை இஞ்ச் குழாயின் மரையை ஸ்கேல் வைத்து அளந்தால் கிட்டத்தட்ட 21 மி.மீ. வரும். தப்பான சைஸ் வாங்கிவிட்டோமோ என்று பதற வேண்டாம், அந்தப் பெயர் பைப்பின் உள்துளையை வைத்து வந்தது. டேப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஊதினால் பறக்கிற மெல்லிய ரகத்தைவிட, கையில் கொஞ்சம் கனம் தெரிகிற ரகத்தை வாங்குங்கள்.

மாடித் தொட்டி வால்வை மூடி, பழைய குழாயைக் கழற்றிக்கொள்ளுங்கள். சுவருக்குள் இருக்கும் மரையில் பழைய டேப் நூல் நூலாக ஒட்டியிருக்கும். பிரஷ்ஷால் தேய்த்து முழுவதும் எடுங்கள்.

இப்போது டேப் இல்லாமலே புதுக் குழாயைக் கையால் திருகி, எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணுங்கள். எனக்கு ஐந்து போனது. இந்தக் கணக்கு பின்னால் உதவும்.

சுவரை மூடும் அந்த வட்டக் கப்பை முதலில் குழாயில் கோத்துவிடுங்கள். டேப் சுற்றிய பிறகு கோத்தால் டேப் கிழியும். இதை நான் இரண்டு தடவை மறந்தேன்.

மரையின் வாய் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் டேப்பைச் சுற்றுங்கள். நுனியில் ஒரு மரையை விட்டுவிட்டுத் தொடங்குங்கள். பள்ளங்கள் டேப்பில் பதிந்து தெரியும் அளவுக்கு இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். திசை மாறினால், திருகும்போது டேப் சுருண்டு மீசை மாதிரி வெளியே வந்துவிடும். மெல்லிய டேப் என்றால் நான் 12 முதல் 15 சுற்று போடுகிறேன். ஒரு குழாய்க்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் செலவாகும். பித்தளை மரை வழவழப்பாக இருந்து டேப் வழுக்கினால், ஹாக்சா பிளேடால் குறுக்கே லேசாகக் கீறிவிடுங்கள்.

சரி, என்னைக் கவிழ்த்த இடத்துக்கு வருவோம். ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். நன்றாக இறுகியபோது குழாயின் மூக்கு ஆறு மணியைத் தாண்டி ஏழு மணியில் நின்றது. அழகாகக் கீழ்நோக்கி இருக்கட்டும் என்று ஒரு மணி பின்னால் திருப்பினேன். கசிவுக்குக் காரணம் அதுதான். டேப் ஒன்றும் பசை இல்லை. இறுகும்போது மரையின் இடுக்குகளுக்குள் நசுங்கி அடைத்துக்கொள்கிறது. அந்த அழுத்தம் கொஞ்சம் தளர்ந்தாலும் நசுங்கிய டேப் மறுபடி உப்பாது. அந்த இடுக்கில் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

ஆகவே ஆறு மணியைத் தாண்டினால் இரண்டே வழி. இன்னும் ஒரு முழுச் சுற்று இலகுவாகப் போகுமென்றால் போங்கள். போகாது என்றால் கழற்றி, டேப்பை உரித்து, புதிதாகச் சுற்றுங்கள். முன்னால் எண்ணிய கணக்கு இங்கேதான் உதவுகிறது: டேப்போடு கையால் இரண்டு மூன்று சுற்று போய், மிச்சம் ஸ்பேனருக்கு வந்தால் சரியான பருமன். ஐந்தும் கையாலேயே போய்விட்டால் டேப் போதவில்லை. ஆறு மணிக்கு முன்பே அசைய மறுத்தால் முரட்டுத்தனம் வேண்டாம், கழற்றி இரண்டு மூன்று சுற்றுக் குறைத்துப் போடுங்கள்.

சோதிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டுப் பார்ப்பார்கள். அது வீண். மூடியிருக்கும்போதுதான் மரைக்கு முழு அழுத்தம். தொட்டி வால்வைத் திறந்து, நன்றாகத் துடைத்து, செய்தித்தாள் துண்டு ஒன்றைக் கழுத்தில் சுற்றி, குழாயை மூடியபடியே இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாள் மொறுமொறுவென்று இருந்தால் வேலை முடிந்தது. அதற்கு முன் கப்பைச் சுவரோடு தள்ளிவிடாதீர்கள், கசிவை அது மறைத்துவிடும்.

சணலும் வெள்ளைப் பூச்சும்தான் உறுதி என்று பழைய பிளம்பர்கள் சொல்வார்கள். ஜி.ஐ. பைப்புக்கு (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்) நானும் ஒத்துக்கொள்கிறேன். பிளாஸ்டிக் மரைக்குள் சணல் அடைக்காதீர்கள், நனைந்து உப்பி வெடிப்பு விடலாம்.

பின்சேர்க்கை: ஆங்கிள் காக்கில் (சுவரிலிருந்து வரும் தண்ணீரை மூடித் திறக்கும் சின்ன வால்வு) ஹோஸ் மாட்டும் இடத்தில் எவ்வளவு டேப் சுற்றினாலும் சொட்டுகிறது என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். அங்கே தண்ணீரைத் தடுப்பது மரை இல்லை, நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர். டேப்பை உரித்துவிட்டு வாஷரை மாற்றுங்கள்.

இன்னொருவருக்குச் சுவருக்குள் இருந்த எல்போவே (குழாய் மாட்டும் வளைவு இணைப்பு) விரிந்துவிட்டதாம். முழுப் பிளாஸ்டிக் எல்போவில் பித்தளைக் குழாயை ஸ்பேனரால் முறுக்கினால் அப்படித்தான் ஆகும். டைல்ஸை உடைத்துத்தான் மாற்ற வேண்டும். மாற்றும்போது உள்ளே பித்தளை மரை பதித்த எல்போவாகக் கேட்டு வாங்குங்கள்.